மல்லாட்டைச் செடியும் ஐந்து பாடமும்: ஒரு தொடக்கப் பள்ளி டீச்சரின் அனுபவம்

போளூருக்கு மேற்கே, ஜவ்வாது மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் டீச்சர். ஈராசிரியர் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டம் போட்ட கணக்கு. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அது சரியாகத்தான் வருகிறது. வகுப்புகள் ஐந்தாயிற்றே! ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்துமே என்னிடம்.

ஊரில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "இன்னா டீச்சர், எப்பப் பாத்தாலும் பாட்டும் பொம்மையுமா இருக்குது. பசங்க படிக்குதா இல்லியா?" கேட்பவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர்கள் படித்த காலத்தில் வகுப்பறை என்றால் சத்தமாக ஒப்பிப்பது. இப்போது எட்டிப் பார்த்தால் ஒரு மூலையில் புளியங்கொட்டை எண்ணுகிறார்கள், இன்னொரு மூலையில் கைப்பொம்மையை வைத்துக் கதை சொல்கிறார்கள்.

பாடங்களின் பட்டியலைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஒன்றிலும் இரண்டிலும் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்றாம் வகுப்பிலிருந்து சூழ்நிலையியல் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகிவிடும். வருஷத்துக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம். புத்தகப் பையைத் திறந்தால் தெரிவது இவ்வளவுதான். ஆனால் பிள்ளையின் தலைக்குள் இந்தப் பாடங்கள் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. பிள்ளை தடுக்கி விழுவது ஒரு பாடத்தில், மார்க் குறைவது இன்னொரு பாடத்தில். இதைப் புரிந்துகொண்டால் வீட்டில் பாதி அடி, பாதி அழுகை மிச்சம்.

தமிழிலிருந்து ஆரம்பிக்கிறேன். எழுத்து 247 என்று சொன்னதுமே பெற்றோருக்குப் பயம் வருகிறது. உயிர் 12, மெய் 18, இரண்டும் சேர்ந்த உயிர்மெய் 216, ஆய்தம் 1. பிள்ளை 247 படத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. கா, மா, பா மூன்றிலும் அதே துணைக்கால்தான் நிற்கிறது என்று கண்டுபிடித்த நாளில் அதற்கு ஒரு சாவி கிடைத்துவிடுகிறது. நான் அ, ஆ என்று வரிசையாகப் போவதில்லை. ட, ப, ம என்று கைக்கு எளிதாக வரும் எழுத்தில் ஆரம்பித்தால் சீக்கிரமே 'படம்', 'பட்டம்' என்று சொல்லாகவே எழுதிவிடுவார்கள். ஒரு சொல்லைத் தானே எழுதிவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள், அப்புறம் வரிசையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள்.

உண்மையான சிக்கல் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பில்தான். 'கெ' என்று வாய் முதலில் சொல்வது க். கை முதலில் போடுவது கொம்பு. காதும் கையும் எதிரெதிராகப் போகின்றன. 'கொ' இன்னும் மோசம், எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை 'கொக்கு' என்பதை 'கெக்கு' என்று படித்தால் அது சோம்பேறித்தனம் கிடையாது. வலப்பக்கக் காலைக் கண் இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரிசையை மட்டும் எடுத்து, தினமும் கொஞ்ச நேரம், நாலைந்து சொல் படிக்கவைத்தால் சரியாகிவிடும். முழுப் பாடத்தையும் பத்து முறை எழுதச் சொல்வதால் கை வலிதான் மிச்சம்.

இதே பிள்ளை கணக்கில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 'ஒரு பெட்டியில் மொத்தம் 24 மணிகள் உள்ளன. அவற்றில் 9 சிவப்பு, மீதி பச்சை. பச்சை மணிகள் எத்தனை?' கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள், "டீச்சர், கூட்டலா கழித்தலா?" என்று கேட்பார்கள். எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், இந்தக் கேள்வி இருக்கும். வீட்டிலோ டியூஷனிலோ யாரோ ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி. இந்தக் கணக்கில் இரண்டு சொல்லுமே இருக்கிறது! மொத்தத்தைப் பார்த்த பிள்ளை 33 என்று எழுதிவிட்டுப் போகும். பெட்டியில் இருப்பதே 24, அதற்குள் பச்சை மட்டும் எப்படி 33 என்று அதற்கு உறைக்காது. ஏனென்றால் அது கணக்கைப் படிக்கவே இல்லை, சொல்லை மட்டும் வேட்டையாடியிருக்கிறது. மார்க் கணக்கில் போயிற்று; குறை வாசிப்பில் இருக்கிறது. நான் எண்களை அழித்துவிட்டுக் கதையாகச் சொல்லச் சொல்வேன். 'பொட்டில மணி இருக்குது. கொஞ்சம் செவப்பு, கொஞ்சம் பச்ச.' அதைப் படமாக வரைந்துவிட்டால் கூட்டலா கழித்தலா என்ற கேள்வி தானாகவே போய்விடும்.

கணக்குக்கே உரிய தடுமாற்றங்களும் உண்டு. 'நூற்று ஐந்து' எழுது என்றால் 1005 வரும். காதில் விழுந்தபடி நூறையும் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். 52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதுவார்கள். ஒன்றின் இடத்தில் 2 சின்னது, 7 பெரியது, ஆகவே பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுவார்கள். இரண்டும் முட்டாள்தனமான தவறு கிடையாது. இரண்டிலும் ஒரு விதி இருக்கிறது, அது தப்பான விதி. 'தப்பு' என்று சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. "எப்டிப் போட்ட, சொல்லு" என்று கேட்டால் அதன் வாயிலிருந்தே விதி வந்துவிடும்.

இதற்கு என்னிடம் இருக்கும் மருந்து ஈர்க்குச்சிதான். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள், தனிக் குச்சிகள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு குச்சி. அதில் ஏழு குச்சி கொடு என்று கேட்டால் பிள்ளை கொஞ்ச நேரம் விழிக்கும், பிறகு தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்லிக்கொடுப்பது அந்த அவிழ்ப்பைத்தான். கடன் என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. திருப்பிக் கொடுப்பதில்லையே, அப்புறம் என்ன கடன்? வாய்ப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து வரைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். ஆனால் ஏழு நான்கு இருபத்தெட்டு என்றால் நான்கு நான்காக ஏழு குவியல் என்று தெரிந்த பிறகு மனப்பாடம் செய்தால்தான் மறந்தாலும் மீட்டுக்கொள்ள முடியும்.

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு முடிச்சு. பதிமூன்று என்று தமிழில் சொல்லும்போது பத்து முதலில், மூன்று பிறகு. எழுதுவதும் அந்த வரிசையில்தான். தர்ட்டீன் என்று சொல்லும்போது மூன்றின் சாயல் முதலில் வந்துவிடுகிறது, பிள்ளை 31 என்று எழுதிவிடுகிறது. தர்ட்டியும் தர்ட்டீனும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். நான் தயங்காமல் தமிழில் எண்ணவைத்துவிட்டுப் பிறகு ஆங்கிலப் பெயரை மாட்டுவேன். சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பாடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி மாதம் எங்கள் பள்ளிக்கு வர வேண்டும். ஆடியில் மானாவாரியில் போட்ட மல்லாட்டையைப் பிடுங்கும் நேரம். (மற்ற ஊர்க்காரர்களுக்கு நிலக்கடலை, வேர்க்கடலை. எங்களுக்கு மல்லாட்டை.) பிள்ளைகளும் களத்தில் நிற்பார்கள், வகுப்பில் பாதி இடம் காலி. வந்தவர்களிடம் திட்டிப் பயனில்லை. ஆளுக்கொரு செடி கொண்டுவரச் சொல்லிவிட்டேன். வேரோடு, மண்ணோடு.

மல்லாட்டை எங்கே காய்க்கிறது என்று கேட்டதும் ஒரே குரலில், "வேர்ல!" ஊரில் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், 'வேர்க்கடலை' என்ற பெயரும் அதற்குத் துணை. மண்ணை உதறிவிட்டு ஒரு காயைப் பிடித்து அது எங்கிருந்து வருகிறது என்று விரலால் தடவிப் போகச் சொன்னேன். காம்பு வேருக்குப் போகவில்லை. தண்டுப் பக்கம், கணுவுக்குப் போயிற்று. மேலே மஞ்சள் பூ பூத்து, கருவுற்ற பிறகு அங்கிருந்து ஊசிபோல ஒரு காம்பு கீழே இறங்கி, மண்ணுக்குள் நுழைந்து, நுனியில் காயாகிறது. பிறந்ததிலிருந்து மல்லாட்டைக் கொல்லையில் உருண்ட பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒரு பெண் மட்டும் விடவில்லை. "அப்ப வேர்ல இருக்கிற இந்தக் குட்டிக் குட்டி உருண்ட இன்னா டீச்சர்?" வேர் முடிச்சுகள். அவற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. பயறு, உளுந்து, காராமணியிலும் அப்படித்தான். மல்லாட்டை போட்ட நிலத்தில் அடுத்த பயிர் நன்றாக வரும் என்று அவள் தாத்தா சொல்வதன் காரணம் அந்த உருண்டையில் இருக்கிறது என்றேன். மறுநாள் அவள் தாத்தாவே பள்ளிக்கு வந்து வேரைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதோடு அறிவியல் முடிந்தது, செடி முடியவில்லை. ஆளுக்கொரு செடியில் எத்தனை காய் என்று எண்ணி, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போடும் முறையில் குறித்தார்கள். கணக்குப் புத்தகத்தில் 'தகவல் செயலாக்கம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பெரும்பாலும் அவசரமாக ஓடவிடும் பகுதி. அன்றைக்கு அது சண்டையாகவே நடந்தது. பொக்குக் காயைக் கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா? சேர்க்கக் கூடாது என்று ஒரு கட்சி, காய் காய்தானே என்று இன்னொரு கட்சி. எதை எண்ணுவது என்று முதலில் முடிவு செய்யாமல் எண்ணக் கூடாது என்பதைப் பெரியவர்களுக்கே புரியவைப்பது கடினம். அந்தச் சண்டை புரியவைத்துவிட்டது. பிறகு தரையில் காய்களையே அடுக்கிப் பட வரைபடம். மதியம் தமிழில் ஐந்து வரி. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், 'மல்லாட்டை வேரில் காய்க்காது, எங்க அப்பாவுக்கும் தெரியாது' என்று எழுதியிருந்தான். 'ட்டை'யில் ஐகாரம் சரியாக விழுந்திருந்தது. ஆறு மாதம் முன்பு அதே பையன் 'ட்ட' என்று விட்டுவிடுவான்.

தேர்வில் மல்லாட்டை என்று எழுதினால் மார்க் உண்டா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அறிவியல் விடையில் உண்டு. அதே நேரம் புத்தகச் சொல்லும் தெரிந்திருக்க வேண்டும், நாளைக்கு வேறு ஊரில் கேள்வித்தாளில் நிலக்கடலை என்று வந்தால் திகைக்கக் கூடாது. வீட்டுச் சொல்லைத் திருத்திவிட்டுத்தான் புத்தகச் சொல்லைத் தர வேண்டும் என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாயை மூடிய பிள்ளைக்கு எதையும் சொல்லித்தர முடியாது.

நான்காம் வகுப்பு சமூக அறிவியலில் ஐவகை நிலம் வரும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஒப்பித்துவிட்டுப் போகலாம். தலைமையாசிரியர் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி மேற்கே பார்க்கச் சொன்னார். மலை, குறிஞ்சி. அதன் அடிவாரக் காடு, முல்லை. ஏரிக்குக் கீழே நெல் வயல், மருதம். அப்புறம் நம்ம மல்லாட்டைக் கொல்லை எது? மானாவாரி மேட்டு நிலம் எந்தக் கட்டத்திலும் ஒழுங்காகப் பொருந்தவில்லை. பிள்ளைகள் அன்று முழுக்க வாதாடினார்கள். அந்த ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கோடி போனபோது (நிரம்பி வழிந்தபோது), தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அது ஏன் கிழக்கே போகிறது என்று அவர்களே திசையோடு பேசினார்கள். திசை என்பது அதற்கு முன்னால் புத்தகத்தின் மூலையில் இருந்த ஓர் அம்புக்குறி.

எண்ணும் எழுத்தும் திட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், பாட்டும் பொம்மையும் அங்கிருந்துதான் வருகிறது. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் உட்காராமலேயே மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்ப 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு இது வந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும். பிள்ளைகளை வகுப்பின்படி பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் நிலையின்படி பார்க்கிறோம். மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். எங்களைப்போல் பல வகுப்பு ஒரே அறையில் இருக்கும் பள்ளிக்கு இது உண்மையில் கைகொடுத்தது. மூத்த ஆசிரியர்கள் 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலின் அட்டைகளையும், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் ஏணிப்படியையும் நினைவுகூர்வார்கள்; அதிலும் இந்த எண்ணம் இருந்தது என்பார்கள். அப்போதும் இப்போதும் குறை ஒன்றேதான்: பிள்ளைகளின் நிலையைப் பதிவு செய்யும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது.

எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விடும். பிள்ளையும் கூடவே. சில மாதம் கழித்துத் திரும்பி வந்த ஒரு பையனைச் சோதித்தபோது வாசிப்பு மறந்துபோயிருந்தது, ஆனால் வாய்க் கணக்கு பளிச்சென்று வந்தது. ஒரு வரிசையில் இத்தனை செங்கல் என்றால் எட்டு வரிசைக்கு எத்தனை என்று கேட்கும் முன் விடை. கன்னடம் கொஞ்சம் பேசினான். அவனை 'பின்தங்கியவன்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியிருந்தால் இது எதுவும் வெளியே வந்திருக்காது. கணக்கில் அவனை மற்றவர்களுக்குச் சொல்லித்தர விட்டேன், தமிழில் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தேன். கணக்கில் கிடைத்த மரியாதையால் தமிழில் உட்கார அவனுக்கு வெட்கமாக இல்லை. ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: போகும் முன் பள்ளியில் தகவல் சொல்லுங்கள், தமிழ்ப் புத்தகத்தை மட்டுமாவது பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். "இன்னைக்கு இன்னா படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் எதையாவது கையில் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை, பிஸ்கட் உறை, பஸ் பலகை, ரேஷன் கடை ரசீது, எதுவானாலும் சரி. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் பல நேரம் வேகமாக வாசிக்கிறார்கள். ஆயாவுக்குப் படித்துச் சொல்லும்போது யாரும் குறுக்கே திருத்துவதில்லை. படிக்கும்போது தடுமாறினால் உடனே சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். வீட்டுப் பாடத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள். எழுத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும், அதைவிடப் பிள்ளைக்கு எங்கே தெரியவில்லை என்பது மறைந்துபோகும். கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையை அதையே எண்ணவிடுங்கள். எங்கள் பள்ளியில் அன்றைய வருகையைக் கூட்டிச் சத்துணவுக்கு எத்தனை முட்டை வேண்டும் என்று சொல்வது நான்காம் வகுப்புப் பிள்ளைகள்தான். தப்பானால் ஒருவருக்கு முட்டை கிடைக்காது என்பதால் இரண்டு முறை சரிபார்க்கிறார்கள்.

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வருகிறதா, புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது வரவில்லையா? முதலில் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அப்படிக் கண்ணாடி போட்ட பிறகு படிப்பே மாறிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காலையில் முதல் மணி நேரம் தூங்கி வழிந்தால் அது பசியாகவும் இருக்கலாம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, முதல் பாடவேளையில் வாசிப்பை வைக்க எனக்குத் தைரியம் வந்திருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு முடித்து டிசி வாங்கிப் போகும் பிள்ளையிடம் நாங்கள் பார்ப்பது மார்க் பட்டியலை மட்டும் கிடையாது. நாளிதழில் ஒரு சின்னச் செய்தியை மனதுக்குள் படித்துவிட்டு அதில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். 500 ரூபாய் கொடுத்து மளிகை வாங்கினால் மீதி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பஸ் நேரத்தைப் பார்த்து எப்போது கிளம்ப வேண்டும் என்று கணக்கிட வேண்டும். விடுப்புக் கடிதத்தைத் தானாக எழுத வேண்டும். இந்தக் கடைசிதான் கஷ்டம். எல்லோருக்கும் 'எனக்குக் காய்ச்சல் காரணமாக' என்ற ஒரே வரி மனப்பாடம். காது குத்து, திருவிழா, எதற்குப் போனாலும் காய்ச்சல்தான். போன வருஷம் ஒருத்தி, 'எங்கள் மாடு கன்று போடப் போகிறது, அம்மா தனியாக இருக்கிறார், அதனால் ஒரு நாள் விடுப்பு' என்று எழுதிக்கொண்டுவந்தாள். தலைமையாசிரியர் விடுப்பைக் கொடுத்துவிட்டு, கடிதத்தை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். இந்த நாலில் எதாவது ஒன்று உங்கள் பிள்ளைக்கு வரவில்லையென்றால், ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே அங்குள்ள வகுப்பாசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.